அம்மாயியின் பனிமாடு

மூக்கில் கொம்பு முளைத்த ஓணான் ஒன்று உண்டு என்று அம்மாயி சொன்னால் வீட்டில் எல்லோரும் சிரிப்பார்கள். "காண்டாமிருகத்தையும் ஓணானையும் ஒண்ணாச் சேத்துட்டியாம்மா?" என்பார் மகள். பேரன் இன்னும் கொஞ்சம் மேலே போவான். "அதுக்கு தும்பிக்கையும் இருந்துச்சா அம்மாயி?"

அம்மாயிக்குக் கோபமே வராது. "நம்பாட்டிப் போங்க. நான் கண்ணால கண்டது" என்று சொல்லிவிட்டு அரிசியில் கல் பொறுக்கப் போய்விடுவார்.

அவருக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். சரியான வயது தெரியாது. பிறந்தது இலங்கையின் மலையகத்தில், அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில். 1977 கலவரத்துக்குப் பிறகு மலையை விட்டு இறங்கி வவுனியாவுக்குப் போன எத்தனையோ குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. 1990-ல் அங்கிருந்தும் கிளம்பி, படகேறி, மண்டபம் வந்து, கடைசியில் கும்மிடிப்பூண்டி. அன்று அகதி முகாம் என்றார்கள். 2021 முதல் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்கிறார்கள். அம்மாயிக்கு அது எப்போதும் 'கேம்ப்'தான்.

பிறந்த ஊருக்கும் இந்த ஊருக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. அங்கே தோட்டத்துக்கு மேலே ஹோர்ட்டன் சமவெளி, கடல் மட்டத்திலிருந்து 2,100 மீட்டர் உயரம். விடிந்தால் பனி, மதியம் மழை, மாலையில் மறுபடி பனி. இங்கே தட்டையான பூமி. ஒரு பக்கம் சிப்காட் மில் புகை, இன்னொரு பக்கம் ராத்திரி பகல் பார்க்காமல் லாரி ஓடும் ஜி.என்.டி. ரோடு. காற்று கிழக்கே திரும்பினால் பழவேற்காட்டு உப்பு வாசனை. பேரன் பார்த்த ஒரே மலை திருத்தணிதான். ஆடிக் கிருத்திகைக்குப் போனபோது, "நீங்க சொல்ற மலை இப்படித்தான் இருக்குமா?" என்று கேட்டான். "இது சாமி ஏறி நிக்கிற குன்றுடா. நான் சொல்றது, மேகம் வந்து வாசல்ல படுத்துக்கிற எடம்" என்றார்.

முகாமில் பிறந்த பிள்ளைகளுக்கு அந்தத் தீவு பெரியவர்களின் பேச்சில்தான் இருக்கிறது. அந்தப் பேச்சும் முழுசாக வராது. செல்லடி, போட், செக்பாயிண்ட் என்று இரண்டு வார்த்தை வரும். பிறகு யாராவது தேநீர் போட எழுந்துவிடுவார்கள். அம்மாயியும் அப்படித்தான். 77-ல் என்ன நடந்தது என்று கேட்டால் பதில் வராது. கொஞ்ச நேரம் கழித்து, "எங்க லயத்துக்குப் பின்னாடி ஒரு பாறை உண்டு. அதுல ராத்திரி ஒரு பறவை வந்து அழும்" என்று ஆரம்பிப்பார். கேட்டது ஒன்று, கிடைத்தது ஒன்று. ஆனால் விலங்குக் கதைகள் மட்டும் பாதியில் நின்றதே இல்லை.

பேரன் இப்போது ஒன்பதாம் வகுப்பு. பள்ளியில் அறிவியல் கண்காட்சி வந்தது. 'உங்கள் ஊர் விலங்குகள்' என்பது தலைப்பு. வகுப்பில் பாதிப் பேர் பழவேற்காட்டுப் பூநாரையை எடுத்துக்கொண்டார்கள். அருமையான பறவைதான், ஆனால் ஒரே சுவரில் இருபது பூநாரை எதற்கு? அவனுக்கு வேறு யோசனை வந்தது. அம்மாயி சொன்ன விலங்குகளை ஒரு நோட்டில் எழுதினான். மொத்தம் ஏழு. மூக்குக் கொம்பு ஓணான், அழுகிற பறவை, புலி, சிங்கம், தேவாங்கு, குட்டை மனிதர்கள், பனிமாடு. பக்கத்தில் இரண்டு கட்டம் போட்டான்: உண்மை, கதை. தேடிப் பார்ப்பதற்கு முன்பே ஆறுக்கு 'கதை' என்று பென்சிலால் குறித்துவிட்டான். தேவாங்குக்கு மட்டும் 'உண்மை'. திண்டுக்கல், கரூர் மாவட்டங்களில் கடவூர்ப் பக்கம் 2022-ல் 11,806 ஹெக்டேரில் தேவாங்கு சரணாலயம் அறிவித்ததை அவன் பாடத்தில் படித்திருந்தான்.

முதல் அடி ஓணானிடம் விழுந்தது.

அம்மாவின் போனில் தேடினான். முதலில் காண்டாமிருகமாக வந்தது. பிறகு இலங்கை, மலை, ஓணான் என்று மாற்றி மாற்றிப் போட்டதில் ஒரு படம் வந்தது. பச்சையும் பழுப்புமாக உடம்பு. பாசி படிந்த கிளையைக் கட்டிப்பிடித்த கால்கள். மூக்கு நுனியில் வெள்ளையாக, கூராக, நிஜமாகவே ஒரு கொம்பு. இலங்கையின் மத்திய மலைக்காடுகளில் மட்டும் வாழும் ஓணான் அது. விஞ்ஞானிகள் 1834-லேயே பெயர் வைத்துவிட்டார்கள். இந்த வகையில் இன்னும் சில உண்டு. நக்கிள்ஸ் மலையில் இருப்பதற்குக் கொம்புக்குப் பதில் இலை போல ஒரு தட்டை மூக்கு. இவை எதுவும் இலங்கைக்கு வெளியே கிடையாது.

படத்தைப் பார்த்த அம்மாயி வெற்றிச் சிரிப்பெல்லாம் சிரிக்கவில்லை. போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய், "ஆமா, இவன்தான்" என்றார், தெருவில் தெரிந்தவரைப் பார்த்தது போல.

அடுத்தது புலி. இலங்கையில் புலியே கிடையாது என்று எந்தப் புத்தகமும் சொல்லும். அம்மாயி பார்த்ததாகச் சொல்வதும் பொய் இல்லை. சிக்கல் சொல்லில் இருக்கிறது. நாம் சிறுத்தை என்பதை அங்கே புலி என்பார்கள். சிங்களத்தில் கொட்டியா. 1956-ல் தெரணியகல என்ற இலங்கை விஞ்ஞானி அந்தத் தீவின் சிறுத்தைக்குத் தனிப்பெயர் வைத்தபோது இந்த 'கொட்டியா'வையே அறிவியல் பெயரில் சேர்த்தார். காட்டோரத் தோட்டங்களில் இன்றும் சிறுத்தை நடமாட்டம் உண்டு. கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் தேயிலைச் செடிகளுக்கு நடுவே அது படுத்திருப்பதைப் பார்த்துவிடுவதும் உண்டு. இதே மாதிரி சொல் குழப்பம் இன்னொன்று: அம்மாயி 'மரை' என்பார். அது தாமரையும் இல்லை, திருகாணியும் இல்லை. நம்மூர்க் கடமான். வெள்ளைக்காரர்களோ அதை எல்க் என்றார்கள். ஒரே மானுக்கு மூன்று பெயர்.

சிங்கம்? அது கொடியில் இருக்கிறது, காட்டில் இல்லை. அழிப்பானை எடுக்க வேண்டியதில்லை என்று நினைத்தான். பிறகு பார்த்தால் அதே தெரணியகல, மலையடிவாரத்தில் இரத்தினபுரிப் பக்கம் குருவிட்ட என்ற இடத்தில் கிடைத்த பழைய பற்களை வைத்து, ஒரு காலத்தில் அங்கே சிங்கம் வாழ்ந்தது என்று 1939-ல் எழுதியிருக்கிறார். இரண்டு கட்டத்துக்கும் நடுவில் உள்ள கோட்டின் மேல் ஒரு புள்ளி வைத்தான் பேரன்.

அழுகிற பறவைக்கும் அதே புள்ளிதான் கிடைத்தது. அது உலமா. கீழ்க் கிராமத்துச் சிங்களப் பெண்கள் லயத்துப் பெண்களுக்குச் சொன்ன கதை. சந்தேகக்காரக் கணவன் ஒருவன், பெற்ற பிள்ளையைக் கொன்று கறியாக்கி மனைவிக்கே பரிமாறினான். சாப்பாட்டில் குழந்தையின் விரல் தென்பட, அவள் அலறிக்கொண்டே காட்டுக்குள் ஓடிப் பறவையாகிப் போனாள். அந்த அலறல்தான் ராத்திரியில் கேட்கிறது. கதை கிடக்கட்டும், குரல் உண்மை. 1660-ல் பிடிபட்டு 19 வருடங்கள் கண்டி ராஜ்யத்தில் கைதியாக இருந்த ராபர்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலேயர், தப்பிப் போய் 1681-ல் போட்ட புத்தகத்தில், இரவில் நாய் குரைப்பது போலக் கீச்சென்று ஒரு குரல் கேட்கும், அது பிசாசின் குரல், தானே கேட்டதுண்டு என்று எழுதியிருக்கிறார். நாக்ஸ் கேட்டதும் உலமாவைத்தானோ என்னவோ. அது காட்டில் வாழும் ஒரு பெரிய ஆந்தையின் குரல் என்பது பலருடைய கருத்து. அம்மாயிக்கு இதில் சமாதானம் இல்லை. "ஆந்தை அலறும். இது அழுகைடா" என்று முடித்துவிட்டார்.

இந்த இடத்தில் தேவாங்கைச் சுலபமாகத் தாண்டிப் போயிருக்கலாம். அதுதான் ஏற்கனவே 'உண்மை' ஆயிற்றே. ஆனால் அம்மாயி சொன்ன தேவாங்கு, கடவூர் தேவாங்கு மாதிரி இல்லை. குச்சிக் கால் இல்லையாம். குட்டைக் கால், கம்பளி போர்த்தியது போல மயிர். "குளிருக்குச் சட்டை போட்ட மாதிரி இருக்கும்" என்றார். அவர் சிறுமியாக இருந்தபோது, 1960 வாக்கில், அப்பாவோடு விறகு பொறுக்கக் காட்டோரம் போன ஒரு சாயங்காலம் பார்த்தது. அப்பா உடனே கண்ணைப் பொத்திவிட்டார். தேவாங்கைப் பார்த்தால் ஆகாது என்று அங்கேயும் ஒரு நம்பிக்கை. அதன் கண்ணை வசிய மருந்துக்குப் பிடுங்குகிற கொடுமையும் இருந்தது. விரலிடுக்கு வழியாகத்தான் அம்மாயி அதைப் பார்த்தார்.

பேரன் தேடிக் கண்டுபிடித்தது இது. ஹோர்ட்டன் சமவெளிக்கென்று ஒரு தேவாங்கு உண்டு. நீளம் சுமார் 20 சென்டிமீட்டர். கால் குட்டை, மயிர் அடர்த்தி, குளிர்ந்த மலைக்காட்டுக்கே ஆன உடம்பு. கொழும்பு மருத்துவக் கல்லூரியில் உடற்கூறு பேராசிரியராக இருந்த ஆஸ்மன் ஹில் என்ற ஆங்கிலேயர் 1942-ல் அதை விவரித்துப் பெயர் வைத்தார். ஆனால் 1939-க்குப் பிறகு அது யார் கண்ணிலும் படவில்லை. அறுபது வருடத்துக்கு மேல் சத்தமே இல்லை. அழிந்தேவிட்டது என்று நினைத்தார்கள். 2002-ல் ஒரு தடவை, ஒரு நொடி, கண் மின்னியது. அதன் பிறகு இலங்கை ஆய்வாளர்களும் லண்டன் விலங்கியல் கழகத்தாரும் ராத்திரி ராத்திரியாகக் காட்டுக்குள் அலைந்தார்கள். உயிரோடு இருக்கும் அந்தத் தேவாங்கின் முதல் படம் 2010-ல்தான் வெளி உலகத்துக்கு வந்தது.

கிளையில் உட்கார்ந்து, உருண்டைக் கண்ணால் நேராகப் பார்க்கிற படம்.

அம்மாயி அதை ரொம்ப நேரம் பார்த்தார். பேரன் வருடக் கணக்கைச் சொன்னான். "39-லேருந்து 2002 வரைக்கும் யாருமே பாக்கலையாம் அம்மாயி. நீங்க பாத்தது 60-ல."

"நான் பாத்தேனே."

"அதான் சொல்றேன். அவங்க கணக்குல இல்ல."

"எங்கிட்ட என்ன கேமராவா இருந்துச்சு? தலையில வெறகுக்கட்டு இருந்துச்சு."

அவர் பார்த்தது அந்த இனம்தானா, சாதாரணத் தேவாங்குதானா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. ஆனால் ஒன்று உறுதி. அந்த அறுபது வருடமும் அந்தக் காட்டை ஒட்டி ஜனங்கள் இருந்தார்கள். விறகு பொறுக்கினார்கள், தண்ணீர் எடுத்தார்கள், ராத்திரியில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு நடந்தார்கள். அவர்கள் என்ன பார்த்தார்கள் என்று கேட்க யாருக்கும் தோன்றியதாகத் தெரியவில்லை. அந்த ஜனங்களின் பெயரே சரியான பதிவில் இல்லாத காலம் அது. 1948-ல் வந்த குடியுரிமைச் சட்டத்தால் தோட்டத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964-ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் அவர்கள் 9,75,000 பேர் என்று கணக்கு. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அம்மாயியின் அப்பா மனு போட்டார். பதில் வருவதற்குள் போய்ச் சேர்ந்தார்.

இன்னொரு விஷயமும் அந்தத் தேடலில் வந்தது. அதைப் பேரன் அம்மாயியிடம் படித்துக் காட்டவில்லை. அம்மாவிடம் மட்டும் காட்டினான். அந்தத் தேவாங்கு ஏன் அருகிப் போனது என்பதற்குக் காரணம்: மலைக்காடுகளை வெட்டித் தேயிலை நட்டது. வெள்ளைக்காரர்கள் முதலில் காப்பி நட்டார்கள். 1869-ல் காப்பியில் இலைத்துரு நோய் வந்து விழுந்தது. ஜேம்ஸ் டெய்லர் 1867-லேயே லூல்கந்துரவில் தேயிலையைத் தொடங்கியிருந்தார். மலை முழுக்க அது பரவியது. திட்டம் போட்டது துரைமார். கோடாரி பிடித்தது திருச்சியிலிருந்தும் மதுரையிலிருந்தும் சேலத்திலிருந்தும் கங்காணிகள் கூட்டிப்போன ஜனங்கள். அம்மாயியின் பாட்டன் பூட்டன்கள். பிழைக்கப் போன இடத்தில் வேறு என்ன செய்திருக்க முடியும் என்று அம்மா கேட்டார். பேரன் பதில் சொல்லாமல் போனை மூடினான்.

குட்டை மனிதர்களைப் பற்றித் தேடும்போது பழைய பெயர் ஒன்று மறுபடி வந்தது. அதே ஆஸ்மன் ஹில். 1945-ல் அவர் நிட்டாவோ பற்றிக் கட்டுரை எழுதி, இலங்கையின் தீராத புதிர் என்று அதைக் குறிப்பிட்டிருக்கிறார். மூன்றடி உயரம், உடம்பெல்லாம் மயிர், நீண்ட நகம், கிரீச்சுப் பேச்சு. வேடர்கள் சொன்ன இந்த நினைவை ஹியூ நெவில் என்ற அதிகாரி 1880-களில் எழுதிவைத்தார். அவர் சொல்லும் இடம் தீவின் தென்கிழக்குக் காடு. அம்மாயியின் கதையில் அவர்கள் எப்படியோ மலைக்கு ஏறி வந்துவிட்டார்கள். கதையில் வருகிறவர்களுக்குச் செக்பாயிண்ட் கிடையாதே.

பேராசிரியருக்குத் தேவாங்கும் நிட்டாவோவும் ஒரே மேசையில் இருந்திருக்கின்றன. ஒன்று கடைசியில் போட்டோவில் வந்தது. இன்னொன்றுக்கு இன்று வரை ஓர் எலும்பு கிடைக்கவில்லை.

நிட்டாவோக்களின் முடிவு என்று வேடர்கள் சொன்னது கொடுமையானது. வேடர்களுக்கும் அவர்களுக்கும் பகை. கடைசியாக மிஞ்சியவர்களை ஒரு குகைக்குள் விரட்டி, வாசலில் விறகை அடுக்கிக் கொளுத்தினார்கள். தீ மூன்று நாள் எரிந்தது. பேரன் இதைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தான். அம்மாயி இத்தனை வருடம் சொன்ன கதையில் இந்தப் பகுதி இல்லை. அவர் கதையில் குட்டை மனிதர்கள் பனிக்குள் போய் மறைந்துவிடுவார்கள், அவ்வளவுதான்.

"இது உங்களுக்குத் தெரியுமா அம்மாயி?"

"தெரியும்."

"அப்ப ஏன் சொல்லல?"

அம்மாயி அடுப்பைப் பார்த்தார். "போதும்டா, அத மூடிட்டு சாப்பிட வா" என்றார். இந்த ஒரு தடவை விலங்குக் கதையும் பாதியில் நின்றது. குட்டை மனிதர்களுக்கு எந்தக் கட்டத்திலும் குறி போடாமல் விட்டான். கண்காட்சி அட்டையிலும் அவர்களைச் சேர்க்கவில்லை.

மிச்சம் இருந்தது பனிமாடு. தேடினான், கிடைக்கவில்லை. ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதிப் போட்டாலும் வரவில்லை. மரையை விடப் பெரியது, கொம்பு இரண்டு பக்கமும் விரியும், கால் தரையில் படாது, பனி இறங்கும்போது லயத்தின் கடைசி வீட்டுப் பக்கம் வந்து நிற்கும், கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும், அதன் பின்னால் போன பிள்ளை திரும்பி வராது. இப்படி ஒரு பிராணி உலகத்தில் எந்தப் பட்டியலிலும் இல்லை.

கடைசியில் அம்மாயியே ஒப்புக்கொண்டார். அது அவருடைய அம்மா உண்டாக்கியது. அப்பாவும் அம்மாவும் விடிகாலையில் பெரட்டுக் களத்துக்குப் போய்விடுவார்கள். கைக்குழந்தைகளுக்குப் பிள்ளை மடுவம் உண்டு. அதைத் தாண்டிய வயதுப் பிள்ளைகளை யார் பார்ப்பது? பனி இறங்கினால் பத்தடிக்கு மேல் தெரியாது. பள்ளம் இருக்கும், புலி இருக்கும். பள்ளம் என்றால் பிள்ளைகள் பயப்பட மாட்டார்கள். புலி என்றால் பார்க்கப் போவார்கள். பனிமாடு என்றால் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பார்கள். அந்த லயத்துப் பிள்ளைகள் எல்லோரும் இருந்தார்கள். "எங்கம்மா படிக்கல. ஆனா அந்த மாட்டை வெச்சு எங்க எல்லாத்தையும் வளத்துட்டா" என்றார் அம்மாயி.

கண்காட்சிக்குப் போன அட்டையில் கடைசியாகக் 'கதை' என்று குறித்தது பனிமாடு மட்டும்தான். 'காணப்படும் இடம்' என்ற வரியில் முதலில் அக்கரப்பத்தனை என்று எழுதினான். அப்போது அவனுடைய நான்கு வயதுத் தங்கை பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ரோட்டுப் பக்கம் தனியாகப் போனால், மில் புகைக்குள்ளிருந்து பனிமாடு வரும் என்று அம்மாயி அவளிடம் சொல்லிவைத்திருக்கிறார். இங்கே பள்ளமும் இல்லை, புலியும் இல்லை. பதினாறு சக்கர லாரிகள் இருக்கின்றன. அவள் இதுவரை வாசல் கோலத்தைத் தாண்டியதில்லை. அண்ணன் அக்கரப்பத்தனைக்குக் கீழே கும்மிடிப்பூண்டி என்றும் எழுதினான்.

தங்கை படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாயியும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"கொம்பு இவ்வளவு தெளிவா இருக்கக் கூடாதுடா. கொஞ்சம் அழி. பனியில பாதிதான் தெரியும்."